கெல்சோ பத்திரிகையில் பெயர் சிக்கவில்லை என்றால்

வணக்கம். 1854-இல் ஸ்காட்லாந்தின் கெல்சோவில் இறந்த மெக்டூகல் என்ற கடைக்காரரின் மரணச் செய்தி, இணையக் காப்பகத்தில் எவ்வளவு தேடியும் வரவில்லை என்கிறீர்கள். அதற்குள் கைவிட்டுவிடாதீர்கள்.

அந்தக் கால அச்சகங்களில் 'மெக்' என்பதை முழுதாகக் கோக்காமல் விடுவது சகஜம். ஒரு 'எம்', அதன் தோளில் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு காற்புள்ளி, பிறகு 'டூகல்'. பக்கத்தைப் படிக்கும் கணினி அந்தப் புள்ளியில் தடுக்கி விழுந்து பெயரை இரண்டாக வெட்டிவிடும். 'டூகல்' என்று மட்டும் போட்டுத் தேடுங்கள். நானும் இதே இடத்தில் இரண்டு வாரம் முட்டி நின்றவன்தான்.

1797-இல் ஜேம்ஸ் பாலன்டைன் தொடங்கிய கெல்சோ மெயிலோடு நிற்காமல், பெரிக், எடின்பரோ பத்திரிகைகளையும் புரட்டுங்கள். 'ரெலிக்ட்' என்ற சொல் கண்ணில் பட்டால் விதவை என்று அர்த்தம். கணவர் பெயர் அவர் மனைவியின் மரணச் செய்தியில் இப்படி ஒளிந்திருக்கலாம்.

இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. ஸ்காட்லாந்தில் கட்டாயப் பதிவு 1855 ஜனவரி 1-இல்தான் தொடங்கியது. மனிதர் ஒரு வருடம் தள்ளிப் போயிருந்தால் பெற்றோர் பெயர்கூடக் கிடைத்திருக்கும்! அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான். அடக்கக் கணக்கு அவற்றில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஹாயிக் ஊரிலுள்ள வட்டார ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் தெரியுமா? அங்கே கல்லறைக் கல்லில் பெரும்பாலும் அதைத்தான் பொறிப்பார்கள்.