விழாவைத் திட்டலாம், அக்கம்பக்கத்தாரை விரட்டச் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் வேறொரு மதத்தார் நடத்திய விழாவில் ராத்திரி இரண்டு மணி வரை ஸ்பீக்கர் அலறியது, மெயின் ரோட்டையும் அடைத்துவிட்டார்கள். ‘கடவுள் பேரைச் சொல்லி ஊரைத் தூங்கவிடாமல் செய்வது என்ன பக்தி? இந்த மூடத்தனத்துக்கு யார் அனுமதி கொடுத்தது?’ என்று குரூப்பில் எழுதினேன். மறுநாள் எனக்கு வந்த ஒரு மெசேஜை அப்படியே ஃபார்வர்டு செய்தேன். ‘அந்த மதத்துக்காரர்கள் கடையில் வாங்காதீர்கள், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடாதீர்கள், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்’ என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவர் ‘நாலு பேரை அடித்தால்தான் அடங்குவார்கள்’ என்று போட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. இப்போது ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருக்கிறது. நான் சொந்தமாக எழுதியது ஒரே ஒரு பதிவுதான். நாட்டில் கருத்துச் சுதந்திரமே இல்லையா?
(வாசகர், தென்காசி மாவட்டம்)

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் எதற்காகப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, வேறொன்றுக்குப் பயப்படுகிறீர்கள்.

முதல் பதிவு உங்களுடையது, கடுமையானது, சிலரைப் புண்படுத்தியும் இருக்கும். அதனால் அது குற்றமாகிவிடாது. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) பட்டியலிடுகிறது: பொது ஒழுங்கு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுவது என்று போகும் அந்தப் பட்டியலில் ‘மனம் புண்படுவது’ கிடையாது. மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 299. அதற்கும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு மதத்தையோ மத நம்பிக்கையையோ இழிவுபடுத்தியிருக்க வேண்டும் என்று 1957இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கேட்டது ஸ்பீக்கரைப் பற்றி, சாலையைப் பற்றி, அனுமதி கொடுத்தவரைப் பற்றி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. விசேஷ நாட்களுக்கு அரசு தரும் தளர்வும் நள்ளிரவைத் தாண்டாது. அன்றே ஒரு புகார் மனு எழுதியிருந்தால் நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருந்திருக்கும்.

இதில் நம் ஊர் வழக்கு ஒன்றும் உண்டு. இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. எதிர்ப்புக் கிளம்பும் என்பதற்காகப் பேச்சை அடக்க முடியாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல ஆபத்து நேரடியாக இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 370ஆவது பிரிவை நீக்கிய நாளைக் ‘கறுப்பு நாள்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்த ஒரு பேராசிரியர் மீதான வழக்கும் 2024இல் உச்ச நீதிமன்றத்தில்தான் ரத்தானது. எடுத்ததற்கெல்லாம் பதறும் ஆளை வைத்து ஒரு பேச்சை அளக்கக் கூடாது. மன உறுதியுள்ள சாதாரண மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று பார்க்க வேண்டும். நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

சரி, அடுத்த நாள் அனுப்பிய ஃபார்வர்டுக்கு வருவோம். சிக்கல் இங்கேதான்.

முதல் பதிவு ஒரு செயலைத் திட்டியது. இது ஆட்களைக் குறிவைக்கிறது. அதுவும் விழா நடத்தியவர்களை மட்டுமல்ல. அந்த மதத்தில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக, அன்று ராத்திரி உங்களைப் போலவே தூங்க முடியாமல் கிடந்தவரையும் சேர்த்து. மதம், சாதி, மொழி போன்ற காரணங்களைச் சொல்லிப் பிரிவினரிடையே பகையையும் வெறுப்பையும் வளர்ப்பது பி.என்.எஸ். 196 (பழைய 153ஏ). மின்னணு வழியில் பரப்புவதையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ‘சாப்பாட்டில் கலக்கிறார்கள்’ என்ற வதந்திக்கு 353(2). ‘கடையில் வாங்காதே, வீடு கொடுக்காதே’ என்பதற்கு 197ஐயும் போலீஸ் சேர்க்கக்கூடும்: ஒரு சமூகத்தார் என்பதற்காகவே குடிமக்களுக்குரிய உரிமையை அவர்களுக்கு மறுக்கச் சொல்வதும் குற்றம் என்கிறது அது. மூன்றிலும் 3 ஆண்டு வரை சிறை. மூன்றிலும் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் பார்த்துத்தான் தரும்.

“நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்” என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பகிர்ந்தவர் அதற்குப் பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

யார் சொன்னார், எந்தச் சூழலில், யாரிடம், என்ன விளைவு வரலாம் என்பதை எல்லாம் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது டி.வி. செய்தியாளர் அமிஷ் தேவ்கன் வழக்கில் 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. உங்கள் விஷயத்தில் பாருங்கள்: ஊரில் ஏற்கெனவே மனக்கசப்பு, உங்கள் முதல் பதிவுக்கு மறுநாள், பேசப்படுகிறவர்கள் அடுத்த தெருக்காரர்கள். அப்புறம், நீங்கள் மளிகைக் கடைக்காரர். ‘அவர்கள் கடையில் வாங்காதே’ என்று நீங்கள் பரப்பினால், உங்களுக்கு அதில் என்ன லாபம் என்று இன்ஸ்பெக்டர் கேட்பார். அரசு வழக்கறிஞரும் கேட்பார். பதிலை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

தற்காப்பே இல்லை என்று சொல்லவில்லை. பகையை மூட்டும் எண்ணம் இருந்ததை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு பகிர்ந்திருந்தால் 353இலிருந்து விலக்கும் உண்டு. ஆனால் விசாரித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மூன்றாவது, அந்த ‘நாலு பேரை அடித்தால்தான்’. அது அவர் தலைவலி. அட்மின் என்பதற்காக மட்டும் உங்களை அதில் இழுக்க முடியாது. கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2021 டிசம்பரில் மதுரை அமர்வு, வெறும் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கக் கூடாது என்றது. (வழக்கறிஞர்கள் குரூப்பிலும் இந்தக் கூத்து நடக்கிறது.) ஆனால் நீங்கள் வெறும் அட்மின் அல்ல. அவர் வரிக்கு மேலே உங்கள் ஃபார்வர்டு நிற்கிறது. அதன் விளைவு என்ன என்பதற்கு அவருடைய வரியையே சாட்சியாகக் காட்டுவார்கள்.

பேசப்பட்டவர்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராகவும் நீங்கள் அப்படி அல்லாதவராகவும் இருந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். அதில் முன்ஜாமீனுக்கே தடை உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி இல்லாததால் இதோடு விடுகிறேன்.

இனி ஸ்டேஷன் விஷயம். போன் அழைப்பு சட்டப்படி நோட்டீஸ் ஆகாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)இன்படி எழுத்தில் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா, பூர்வாங்க விசாரணையா என்று வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். பேச்சு தொடர்பான இதுபோன்ற புகார்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்ப்பதே சரி என்று எம்.பி. இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருக்கிறது. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டிருந்தால் முன்ஜாமீன் மனு, அதே பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 482. (பழைய சட்டத்தில் இதே எண் வழக்கை ரத்து செய்வதற்கு, நீதிமன்ற வளாகத்தில் இன்னும் எல்லோரும் தடுமாறுகிறோம்.) 196, 197, 353 எல்லாவற்றுக்கும் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது, குற்றப்பத்திரிகை வந்தால் அனுமதி ஆணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

போனை ரீசெட் செய்யாதீர்கள், குரூப்பைக் கலைக்காதீர்கள். சாட்சியத்தை அழித்ததாகத் தனிப் பிரிவு ஏறும். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்த ஃபார்வர்டையும் அவருடைய வரியையும் நீக்கிவிட்டு, ‘சரிபார்க்காமல் பகிர்ந்தேன், திரும்பப் பெறுகிறேன்’ என்று ஒரே வரி போடுங்கள். விளக்கம் எழுத ஆரம்பித்தால் வம்பு. அடிக்கச் சொன்னவர் உங்களுக்கு வேண்டியவராகவே இருந்தாலும், இருவருக்கும் ஒரே வக்கீல் வேண்டாம்.