மோல் என்பது எடையா, எண்ணிக்கையா, கன அளவா?

கேள்வி: பதினோராம் வகுப்பு வேதியியலில் மோலுக்கு மூன்று விளக்கம் படித்தேன். ஓரிடத்தில் 6.022 × 10²³ துகள்கள் என்கிறார்கள், இன்னோரிடத்தில் மூலக்கூறு நிறையைக் கிராமில் எழுதினால் அதுதான் ஒரு மோல் என்கிறார்கள், வேறோரிடத்தில் 22.4 லிட்டர் வாயு என்கிறார்கள். இதில் எது மோல்? கணக்கில் எதை எப்போது எடுப்பது?

எண்ணிக்கை. அது மட்டும்தான் மோல். மற்ற இரண்டும் அந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள உதவும் வழிகள். கையில் இருப்பது திடப்பொருள் என்றால் எடை போட்டு எண்ணிக்கைக்குப் போகிறோம். வாயு என்றால் கன அளவு, கரைசல் என்றால் செறிவும் பிப்பெட்டில் எடுத்த மில்லிலிட்டரும். மூன்றையும் சேர்த்து வைத்து "மோலின் வரையறைகள்" என்று மனப்பாடம் செய்வதால்தான் கணக்கில் எதை எடுப்பது என்ற திகைப்பு வருகிறது.

எண்ண வேண்டிய அவசியம் என்ன? வினை நடப்பது துகளுக்குத் துகள். கார்பன் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது ஒரு கார்பன் அணு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்கிறது. கிராமுக்குக் கிராம் சேர்வதில்லை. 12 கிராம் கார்பனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் தேவை. சமன்பாடு பேசுவது எண்ணிக்கையில், தராசு காட்டுவது கிராமில். இடையில் நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் மோலின் வேலை.

பலர் கேட்கக் கூச்சப்படும் ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். கார்பனின் அணு நிறை 12, ஒரு மோல் கார்பன் 12 கிராம். ஹீலியத்தின் அணு நிறை 4, ஒரு மோல் 4 கிராம். எண் எப்படி அச்சு அசலாக ஒத்துப்போகிறது?

இரண்டு வகை நாணயங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு கனம் என்பது மட்டும் தெரியும். தனி நாணயத்தின் எடை தெரியாது. லேசான நாணயங்களில் 4 கிலோ ஒரு மூட்டை, கனமானவற்றில் 12 கிலோ இன்னொரு மூட்டை. எந்த மூட்டையிலும் எத்தனை நாணயம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை என்று அடித்துச் சொல்லலாம். 4 கிராம் ஹீலியமும் 12 கிராம் கார்பனும் அப்படித்தான். அணு நிறைப் பட்டியல் சொல்வது விகிதத்தை. அதே விகிதத்தில் கிராம் எடுத்தால் எண்ணிக்கை தானாகவே சமமாகிவிடும்.

வேதியியல் வளர்ந்ததும் இதை வைத்துத்தான். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ 1811இல் சொன்னார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயே நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ அதே கருத்தைப் பயன்படுத்தி அணு நிறைகளை ஒழுங்குபடுத்த வாதாடியபோதும் தெரியாது. ஆஸ்திரிய அறிவியலாளர் லோஷ்மிட் மூலக்கூறின் அளவை முதன்முதலில் தோராயமாகக் கணித்தது 1865இல். அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரென் சூட்டியது 1909இல்தான். எண் தெரியாமலேயே பல பத்தாண்டுகள் சரியான கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் பெரும்பாலான கணக்குகளில் 6.022 × 10²³ஐத் தொடவே வேண்டியதில்லை. "எத்தனை மூலக்கூறுகள்", "ஓர் அணுவின் எடை என்ன" என்று நேராகக் கேட்டால் மட்டும் அதை எடுங்கள்.

வரையறை இப்போது மாறியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்பது பழைய வரையறை. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ துகள்கள் என்று எண்ணையே துல்லியமாக நிர்ணயித்துவிட்டார்கள். பள்ளிக் கணக்கில் இதனால் ஒரு விடையும் மாறாது. ஆனால் மோல் என்பது எண்ணிக்கைதான் என்பதை அந்த வரையறையே இப்போது நேரடியாகச் சொல்கிறது.

எண்ணிக்கை என்றதும் அடுத்த கேள்வி: எதன் எண்ணிக்கை? "ஒரு மோல் குளோரின்" என்பது அரைகுறை வாக்கியம். குளோரின் அணு என்றால் 35.45 கிராம், குளோரின் வாயு மூலக்கூறு என்றால் 70.90 கிராம். ஒரு மோல் கால்சியம் குளோரைடு நீரில் கரைந்தால் ஒரு மோல் கால்சியம் அயனியும் இரண்டு மோல் குளோரைடு அயனியும் கிடைக்கும்; ஆகவே 0.1 மோலார் (ஒரு லிட்டர் கரைசலில் 0.1 மோல்) கால்சியம் குளோரைடு கரைசலில் குளோரைடின் செறிவு 0.2 மோலார். தேர்வில் போகும் மதிப்பெண்களில் கணிசமான பங்கு இங்கேதான் போகிறது. மோல் என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் துகளின் பெயரையும் எழுதுங்கள்.

இப்போது ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். 0.24 கிராம் மெக்னீசியம் நாடாவை 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டரில் போடுகிறோம். எவ்வளவு ஹைட்ரஜன் வரும்?

மெக்னீசியம் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → மெக்னீசியம் குளோரைடு + ஹைட்ரஜன்

மெக்னீசியம்: 0.24 ÷ 24.305 = 0.00987 மோல்.
அமிலம்: 0.5 × 0.050 லிட்டர் = 0.025 மோல்.

மெக்னீசியம் முழுவதும் தீர 0.0197 மோல் அமிலம் போதும். இருப்பது 0.025. ஆகவே முதலில் தீர்வது மெக்னீசியம். அதுதான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. ஹைட்ரஜன் 0.00987 மோல். இதே சோதனையில் அமிலம் 30 மில்லிலிட்டர்தான் என்றால் 0.015 மோல். 0.00987ஐ விட 0.015 பெரியது, அமிலம் மிச்சமாகும் என்று எழுதினால் தவறு. தேவை 0.0197, இருப்பது 0.015, தீர்வது அமிலம், கிடைக்கும் ஹைட்ரஜன் 0.0075 மோல். ஒவ்வொரு வினைபடுபொருளின் மோலையும் சமன்பாட்டில் அதன் முன்னால் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள். எது சிறியதோ அதுவே முதலில் தீரும். கிராமை ஒப்பிட்டு இதை ஒருபோதும் முடிவு செய்ய முடியாது.

அந்த 0.00987 மோல் ஹைட்ரஜன் எத்தனை மில்லிலிட்டர்? கை உடனே 22.4ஆல் பெருக்கப் போகும். 221 மில்லிலிட்டர் வரும். ஆய்வகம் 25 டிகிரியில் இருந்தால் அது தவறு. 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியசிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் மட்டும். அழுத்தம் 1 பார் என்று எடுக்கும் புத்தகங்களில் அதே 0 டிகிரிக்கு 22.7 லிட்டர் என்று இருக்கும். இரண்டும் சரி, கேள்வியில் எந்த அழுத்தம் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். 25 டிகிரியில் 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.5 லிட்டர். நம் ஹைட்ரஜன் 242 மில்லிலிட்டர். அதை நீருக்கு மேல் சேகரித்தால் குழாயில் நீராவியும் கலந்திருக்கும். 25 டிகிரியில், மொத்த அழுத்தமான 760 மி.மீ. பாதரசத்தில் அதன் பங்கு 23.8. எனவே அளவுக் குழாயில் தெரிவது சுமார் 249 மில்லிலிட்டர். 221க்கும் 249க்கும் உள்ள இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சோதனை சரியில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. சோதனையில் குறை இல்லை, 22.4ஐ இடம் பார்க்காமல் போட்டதுதான் குறை. நீருக்கும் உப்புக்கும் 22.4 போடக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். ஒரு மோல் நீர் 18 மில்லிலிட்டர்தான்.

கரைசலுக்கு வருவோம். ஆய்வகத்தில் மோல் உண்மையில் கைக்கு வருவது இங்கேதான். 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 250 மில்லிலிட்டர் வேண்டும். தேவை 0.05 × 0.250 = 0.0125 மோல். பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். அங்கே இருப்பது இரண்டு மூலக்கூறு படிக நீரோடு கூடிய ஆக்சாலிக் அமிலம். அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 126.07 கிராம். எனவே 1.576 கிராம். படிக நீரைக் கணக்கில் சேர்க்காமல் 90.03 என்று போட்டால் 1.125 கிராம்தான் எடுப்பீர்கள், கரைசல் 0.0357 மோலாராக நீர்த்துப் போகும்.

எடை போட்டதைச் சிறு பீக்கரில் கொஞ்சம் வாலை வடிநீரில் முழுதும் கரைத்து, புனல் வழியாக 250 மில்லிலிட்டர் திட்டக் குடுவைக்கு மாற்றுங்கள். பீக்கரையும் புனலையும் இரண்டு மூன்று முறை கழுவி அந்த நீரையும் குடுவையிலேயே சேருங்கள், இல்லாவிட்டால் மோல் பீக்கரிலேயே தங்கிவிடும். பிறகு கோடு வரை நீர் நிரப்பி, மூடி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். 250 மில்லிலிட்டர் நீரை அளந்து அதில் பொடியைப் போடுவது வேறு செயல். மோலாரிட்டி என்பது கரைசலின் லிட்டரை வைத்து. ஊற்றிய நீரின் லிட்டரை வைத்து அல்ல. ஆக்சாலிக் அமிலத்தை இப்படி எடை போட்டே செறிவைச் சொல்லிவிடலாம். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை அப்படி நம்ப முடியாது. காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் அவை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், தராசு காட்டும் 4.00 கிராமில் 0.1 மோலுக்குக் குறைவாகவே காரம் இருக்கும். அதைத் தயாரித்த பிறகு செறிவு தெரிந்த ஓர் அமிலத்தோடு வினைபுரியவைத்து அளந்து, அதாவது தரம் பார்த்தே ஆக வேண்டும்.

அந்த ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்ப்போம். கூம்புக் குடுவையில் 20 மில்லிலிட்டர், அதாவது 1 மில்லிமோல். 2 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சாலிக் அமிலம் என்பது சமன்பாட்டின் விகிதம். ஆகவே 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் போதும், கரைசல் 0.02 மோலார் என்றால் பியூரெட்டில் 20.0 மில்லிலிட்டர். மேலே சொன்ன படிக நீர்ப் பிழை நடந்திருந்தால் 14.3 மில்லிலிட்டரிலேயே இளஞ்சிவப்பு நிறம் மறையாமல் நிலைத்துவிடும், அதுதான் வினை முடிந்ததற்கான அடையாளம்.

நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிச் செய்ய வேண்டும். குளிர்ந்திருந்தால் முதல் சொட்டுகளின் நிறம் போகவே நேரமாகும். வினையில் உருவாகும் மாங்கனீசு(II) அயனியே வினையை வேகப்படுத்துவதால் பிறகு சட்டென்று நிறம் போகும். அமிலம் போதாவிட்டால் பழுப்பு நிற மாங்கனீசு டை ஆக்சைடு தோன்றும். அப்போது 2-க்கு-5 விகிதமே செல்லாது, அந்த அளவீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இங்கே பயன்படுத்தாததற்குக் காரணமும் மோல் கணக்குதான்: பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், ஆக்சாலிக் அமிலத்துக்கென எண்ணிய மோலில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும்.

இங்கே பலரும் செய்யும் பெரிய தவறு, V₁M₁ = V₂M₂ என்ற சூத்திரத்தைப் போடுவது. அது ஒன்றுக்கு ஒன்று விகிதத்துக்கும் நீர்த்தலுக்கும் மட்டும். இந்தச் சோதனையில் போட்டால் பெர்மாங்கனேட் 0.05 மோலார் என்று இரண்டரை மடங்கு பிழையோடு வரும். நார்மாலிட்டியில் (இங்கே, மோலாரிட்டியை ஒரு துகள் கொடுக்கும் அல்லது ஏற்கும் எலக்ட்ரான் எண்ணால் பெருக்கியது) எழுதினால் சூத்திரம் பலிக்கிறதே என்பீர்கள். பலிக்கும், ஏனென்றால் விகிதத்தை அங்கே ஏற்கனவே உள்ளே வைத்துவிட்டார்கள்: 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 0.1 நார்மல், 0.02 மோலார் பெர்மாங்கனேட்டும் 0.1 நார்மல். ஆனால் அதே பெர்மாங்கனேட்டை நடுநிலை ஊடகத்தில் பயன்படுத்தினால் 5க்குப் பதில் 3 எலக்ட்ரான்தான் ஏற்கும். பாட்டிலில் எதுவும் மாறாமலேயே நார்மாலிட்டி 0.06 ஆகிவிடும். மோல் மாறாது. எனவே பாட்டிலில் நார்மல் என்று எழுதியிருந்தாலும் மோலுக்கு மாற்றிக்கொண்டு சமன்பாட்டு விகிதத்தோடு வேலை செய்வதே என் பரிந்துரை. இரண்டு வரி கூடும், பிழை குறையும்.

அடர் அமிலத்துக்கு லேபிளில் மோலாரிட்டி போட்டிருக்காது, சதவீதமும் அடர்த்தியும் இருக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் 37%, அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.18 கிராம் என்றால் ஒரு லிட்டரில் 1180 × 0.37 = 437 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு; 36.46ஆல் வகுத்தால் 12 மோலார். 1 மோலார் 500 மில்லிலிட்டர் வேண்டுமென்றால் சுமார் 42 மில்லிலிட்டர். நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை அல்ல. லேபிளில் 35% என்றிருந்தால் அதே அடர்த்திக்கு 11.3 மோலார்தான், 12 என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள்.

பள்ளிக்கு வெளியே மோலைப் பார்க்க வேண்டுமென்றால் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். இந்தியாவில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் தருவார்கள். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து அறிக்கைகளில் லிட்டருக்கு மில்லிமோல். குளுக்கோசின் மோலார் நிறை 180. டெசிலிட்டரிலிருந்து லிட்டருக்கு மாற்ற 10ஆல் பெருக்கி 180ஆல் வகுக்க வேண்டும், அதாவது 18ஆல் வகுத்தால் போதும். இங்கே 126 என்பது அங்கே 7.0. கொலஸ்டிராலின் மோலார் நிறை 387 ஆகையால் அதற்கு வகுஎண் 38.7, 200 என்பது 5.2 ஆகும். சர்க்கரைக்குப் பழகிய 18ஆலேயே அதையும் வகுத்தால் 11 என்று வந்து வீட்டில் எல்லோரையும் வீணாகப் பயமுறுத்தும்.