அம்மா குளியலறை வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்றால்

முதலில் குளியலறை வாசலில் விரித்திருக்கும் அந்தக் கறுப்பு மிதியடியை எடுக்கச் சொல்லுங்கள். மறதிநோய் உள்ள அம்மா, முதியோர் இல்லத்துக் குளியலறை வாசல்வரை வந்து கால் வைக்காமல் திரும்பிவிடுகிறார் என்கிறீர்கள். ஊழியர்கள் சொல்வதுபோல் இது பிடிவாதமாக எனக்குத் தோன்றவில்லை.

வெளிர்நிறத் தரையில் கறுப்பாக ஏதாவது கிடந்தால் இந்த நோயாளிகளுக்கு அது பள்ளமாகத் தெரியலாம். பளபளக்கும் டைல்ஸ் என்றால் தண்ணீர் தேங்கியதுபோல. போதாததற்கு, 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம் 20 வயதில் இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். (சில இல்லங்களில் யாரும் வெளியே போகாமலிருக்க வாசலில் வேண்டுமென்றே கறுப்பு மிதியடி போடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.)

2, 3 நாள் மிதியடி இல்லாமல், விளக்கைப் போட்டு, கதவைத் திறந்தே வைத்துப் பாருங்கள். கட்டிலிலிருந்தே கழிப்பறை தெரிந்தால் இன்னும் நல்லது. அப்புறம், சுவர், தரை, கழிப்பறைக் கோப்பை எல்லாமே வெள்ளையா? அப்படியானால் உட்காரும் இடமே புரியாது. இருக்கையை மட்டும் நீலத்திலோ சிவப்பிலோ மாற்றலாம்.

ஒன்று: மிதியடி போனால் ஈரம் வழுக்கும், அடிக்கடி துடைக்கவேண்டும். இந்த மறுப்பு திடீரென்று தொடங்கியிருந்தால் சிறுநீர்த் தொற்றா, முழங்கால் வலியா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.