காதுக்குத் தைலம் போதுமா?

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு நாக்கில் புற்றுநோய். மஹரகம ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து ஒரு வருடம். ஐந்து மாதத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதை நம்பலாமா? வட்டிக்குக் காசு வாங்கி பெட் ஸ்கேன் எடுத்தால் நிச்சயமாகத் தெரியுமா? அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு காது மட்டும் குத்துகிறது என்பார். குளிருக்குத்தான் என்று தங்கச்சி தைலம் தேய்த்துவிடுகிறாள். நான் கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன்.
- ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, அந்தக் காது எந்தப் பக்கம்? ஒப்பரேஷன் செய்த பக்கமா? அதைக் கேட்டீர்களா?

நாக்குக்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. வாயில் நோய் திரும்பும்போது சிலருக்குக் காதுதான் வலிக்கும். பல்லாலும் வலிக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்களோ தைலத்தோடு விட்டுவிட்டீர்கள்!

ஐந்து மாதத்துக்கு முந்திய ஸ்கேன் அன்றைய நிலையைத்தான் சொல்லும், அதையும் முழுதாகச் சொல்லாது. ஒரு சென்ரிமீற்றர் கட்டியிலேயே 100 கோடி அளவுக்குக் கலங்கள் இருக்கும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் கட்டி எந்த ஸ்கேனுக்கும் தப்பிவிடலாம். பெட் ஸ்கேன் மறுபக்கமும் ஏமாற்றும், இல்லாத நோயை இருப்பதுபோல் காட்டும். ஊசியில் ஏற்றும் ஒருவகைச் சர்க்கரையைப் புற்றுநோய்க் கட்டி போல அதிகமாக இழுக்கும் இடம் அதில் பளிச்சென்று தெரியும். கதிர் பட்டு வீங்கிய சதையும் அப்படித்தான் இழுக்கும். அதனால்தான் கதிர்ச் சிகிச்சை முடிந்து சுமார் 12 வாரம் பொறுத்து எடுக்கிறார்கள். நாக்கின் மேல் வரும் சின்னப் புண்ணை டாக்டரின் கண்ணும் விரலும் பல சமயம் ஸ்கேனுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்.

எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். ஸ்கேன் நல்லபடி வந்ததும், அம்மா என்ன சொன்னாலும் 'அதுதான் ஒன்றுமில்லை என்றார்களே' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடுமே என்று வலியை விழுங்கிக்கொண்டு மலை ஏறுகிறவர், வாய்விட்டுக் 'குத்துகிறது' என்கிறார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

காசு அனுப்பினால் மகன் கடமை தீர்ந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலாளியிடம் லீவு கேளுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல், கிளினிக் கொப்பியோடு இந்த வாரமே கூட்டிப்போங்கள். டாக்டர் சிங்களத்தில் கேட்டால் அம்மா சும்மா தலையாட்டிவிடுவார். கடையில் பழகிய உங்கள் சிங்களம் அங்கே வேண்டும். வலி எத்தனை நாளாக, விழுங்கும்போது கூடுகிறதா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா, எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு நீங்களே சொல்லுங்கள். இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள்தான். அம்மா இன்னும் அதைத் தாண்டவில்லை.

வட்டிக்காசு இப்போது வேண்டாம். வாயைப் பார்த்த டாக்டர் ஸ்கேன் தேவை என்றால், எந்த ஸ்கேன், எங்கே எடுப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.