கல்லறை முன் அழுதது தப்பா?

கேள்வி: ஊட்டியில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பம் 1970-களில் சிலோனிலிருந்து வந்தது. அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவை, தோட்டத் துரையாக இருந்த அவருடைய முன்னோரின் கல்லறையைத் தேடி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் அழுததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. வீட்டில் சொன்னேன். "சிலோனுக்கு நடந்துபோய்ச் செத்த நம்ம சனத்துக்கு ஒரு கல்லாவது இருக்கா?" என்று அப்பா கத்தினார். நான் அழுதது தப்பா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. அப்பா கேட்டதும் நியாயம்தான்.

ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் 1838-இல் இறந்து அதே வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்தத் தேவாலயத்தின் உத்தரங்களோ, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். பறித்ததும் பறிகொடுத்ததும் அங்கே ஒரே கூரையடியில் இருக்கின்றன.

ஆள வந்தவர்களுக்கு நேர்ந்த கேடு சாவு மட்டுமில்லை. 1950-களில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் ஃபிரான்ஸ் ஃபனோன் என்ற மனநல மருத்துவர் இருந்தார். சித்திரவதைப்பட்டவர்களும் அவரிடம் வந்தார்கள், சித்திரவதை செய்த போலீஸ்காரர்களும் வந்தார்கள். ஓர் ஐரோப்பிய இன்ஸ்பெக்டர், வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும், கைக்குழந்தையைக்கூட, அடிக்க ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். வேலையை விட அவர் தயாராக இல்லை. மனசு உறுத்தாமல் சித்திரவதையைத் தொடர வழி கேட்டார்! ஒரு மனிதன் இதைவிடக் கீழே போக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இவருக்காக வருத்தப்படலாம். இவரிடம் அடிபட்டவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

துரைமாருக்குச் சம்பளம் இருந்தது, திரும்பிப்போக ஊர் இருந்தது, பெயர் வெட்டிய கல்லும் இருக்கிறது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து சிலோன் காப்பித் தோட்டங்களுக்குப் போன நம் சனத்தில் எத்தனையோ பேர் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தார்கள். 1948-இல் சுதந்திர இலங்கை தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. கையெழுத்துப் போடும்போது அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரர் போய்ப் பதினாறு வருஷம் கழித்தும், அவர்கள் வைத்துப்போன கடனை அடைத்தது உங்கள் தாத்தா பாட்டிதான். அப்பாவின் கோபம் அங்கிருந்து வருகிறது.

அதனால் அவரிடம் வாதாடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: சிலோனில் எந்தத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு), யாரை அங்கே புதைத்துவிட்டு வந்தார்கள், தலைமன்னாரில் யார் யார் கப்பல் ஏறினார்கள். சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிவையுங்கள்.

அந்த அம்மாவோடு தொடர்பு இருந்தால் அவருக்கும் எழுதுங்கள். அவர் முன்னோரின் பழைய கடிதம், போட்டோ, செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எதிலாவது தொழிலாளர்களின் பெயர் இருந்தால் நகல் அனுப்பச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். உங்கள் முன்னால் அழுதவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.