இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் முழங்கை வலி திரும்புவது ஏன்?

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 42. நாலு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தண்ணீர் நிரம்பிய சொம்பைக்கூடத் தூக்க முடியவில்லை. இரண்டு வாரம் லீவு போட்டதில் சரியானது. வேலைக்குப் போன மூன்றாம் நாளே திரும்பிவிட்டது. ஸ்டீராய்டு ஊசி போட்டும் ஒன்றரை மாதம்தான் தாங்கியது. – வாசகர், திருப்பூர்

பதில்: இது ‘டென்னிஸ் எல்போ’ போலத் தெரிகிறது. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கையை நீட்டி, இன்னொருவரை நடுவிரலைக் கீழே அழுத்தச் சொல்லி எதிர்த்துப் பிடியுங்கள். முழங்கையின் வெளிமுட்டில் சுரீரென்றால் பெரும்பாலும் அதுதான். கத்தரியை அழுத்தும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்காமல் பிடித்து நிறுத்துபவை முன்கையின் மேற்புறத் தசைகள். அவற்றை எலும்போடு இணைக்கும் தசைநாண் (டெண்டன்) அந்த முட்டெலும்பில்தான் ஒட்டுகிறது.

ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் வலுப்பெறாது. சும்மா வைத்திருந்தால் அதன் தாங்குதிறன் இன்னும் குறையும். அப்படிப்பட்ட கையில் பழைய வேலைப்பளு முழுதாக ஏறியதால்தான் மூன்றே நாளில் வலி வந்தது. ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரம் சுகம் தரும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், போட்டவர்களைவிடப் போடாதவர்களே தேறியிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தயவுசெய்து இரண்டாவது ஊசிக்கு அவசரப்படாதீர்கள்.

அரைக் கிலோ உப்புப் பொட்டலத்தை மஞ்சப்பையில் போடுங்கள். முன்கை மேசைமேல், மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழ்நோக்கி. பையைப் பிடித்து மணிக்கட்டை 30 முதல் 45 விநாடி அசைக்காமல் நேராக நிறுத்துங்கள். ஒரு நிமிட இடைவெளியில் 5 முறை, தினமும் 2 வேளை. இரண்டு வாரம் கழித்து, அதே நிலையில் இடது கையால் வலது மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் 4 விநாடி எடுத்து இறக்குங்கள். 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் கால் கிலோ கூட்டலாம்.

செய்யும்போது பத்துக்கு மூன்று, நாலு அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள். பலர் மூன்றாம் வாரத்தில் ‘ஒன்றும் குறையவில்லையே’ என்று விட்டுவிடுகிறார்கள். தசைநாண் தேற குறைந்தது 3 மாதம் கொடுங்கள்.

கத்தரியைச் சாணை பிடியுங்கள். மழுங்கிய கத்தரி கூடுதல் பிடி கேட்கும். ஒரே நேரத்தில் வெட்டும் துணி அடுக்கையும் குறையுங்கள். பட்டை கட்டுவதானால் வலிக்கும் முட்டின்மேல் வேண்டாம். இரண்டு விரல் கீழே, தசைமேல், வேலை நேரத்தில் மட்டும். விரல் மரத்தாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ அது நரம்புக் கோளாறாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தினமும் ஓடுகிறேன். காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே விறைப்பு. நிறுத்திவிடவா? – வாசகி, கோவை

பதில்: கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணின் கோளாறு போலத் தெரிகிறது. முழுதாக நிறுத்த வேண்டாம். தூரத்தைப் பாதியாக்குங்கள்; மேட்டு ஓட்டமும் வேக ஓட்டமும் இப்போதைக்கு வேண்டாம். படி விளிம்பில் இரு காலால் எம்பி, வலிக்கும் காலால் மெல்ல இறங்குங்கள்: 15 தடவை, 3 சுற்று, 2 வேளை, 12 வாரம். வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் தரையில் நின்று செய்யுங்கள்; படிக்குக் கீழே குதிகால் இறங்கக்கூடாது. சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது தசைநாணைப் பாதிக்கக்கூடியது. ஓடும்போது பின்னால் யாரோ உதைத்ததுபோல் ‘பட்’டென்று கேட்டு, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.