கேக் சரி, பாத்திரம்?

அன்புள்ள அக்கா,

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. ஈரோட்டில் மாமியாரோடு சேர்ந்து இருக்கிறோம். போன வருடம் ஒரு ஓவன் வாங்கினோம். அதிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் என்றால் கேக், பிஸ்கட், பன் என்று ஏதாவது ஒன்று நடக்கும். பையன்கள் மாவு சலிப்பார்கள், வெண்ணெய் குழைப்பார்கள், முட்டையை யார் உடைப்பது என்று அடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு மட்டும் செல்போன் ஞாபகமே வராது. ஆனால் மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "ஆம்பளப் பசங்களுக்கு எதுக்கு கண்ணு அடுப்படி வேல?" என்கிறார். கணவர், "கேட்டரிங் காலேஜுல இப்பவே சீட்டு சொல்லி வெச்சரலாம்" என்று சிரிக்கிறார். கேக் வெந்ததும் பையன்கள் தட்டோடு ஓடிவிடுவார்கள். நான் ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்த்து, மேடையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அதுவும் ஒரு சந்தோஷம்தான்.

இந்த வயதில் ஓவன் பக்கம் விடலாமா? மைதாவுக்குப் பதில் கோதுமை மாவும் நாட்டுச் சர்க்கரையும் போட்டால் நல்லதா? மாமியாருக்கு என்ன பதில் சொல்வது?

*

அன்புள்ள தங்கச்சி,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஓவன் பக்கம் விடலாம். ஆனால் கதவைத் திறப்பதும் தட்டை வெளியே எடுப்பதும் பெரியவர்கள் வேலை, அதில் பேச்சே கிடையாது. பிடிக்கும் துணி காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துணி என்றால் சூடு சட்டென்று கைக்கு இறங்கிவிடும். முட்டைச் சண்டைக்கு, இரண்டு முட்டை ஊற்றும் கேக்காகப் பார்த்துப் போடுங்கள், ஆளுக்கு ஒன்று. பச்சை மாவை வழித்து நக்க விடாதீர்கள். பச்சை முட்டையும் ஆகாது, வேகாத மாவும் ஆகாது.

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். பழுப்பாக இருப்பதால் அது மருந்தாகிவிடாது. கோதுமை மாவு தண்ணீரை அதிகம் இழுக்கும், கொஞ்சம் பால் கூட்டிக்கொள்ளுங்கள், அப்படியும் கேக் கனமாகத்தான் வரும். வாரத்துக்கு ஒரு துண்டு மைதா கேக்கில் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. தினமும் பாலில் ஏதாவது பவுடர் கலக்கிறீர்கள் என்றால், அந்த டப்பாவின் பின்பக்கத்தை ஒரு தடவை படித்துவிட்டு அப்புறம் மைதாவைத் திட்டலாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஒரு மணி நேரம் பாத்திரம் தேய்ப்பதைச் சொல்லிவிட்டு, போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "அதுவும் ஒரு சந்தோஷம்தான்" என்று. யாரை ஏமாற்றுகிறீர்கள்? என்னையா, உங்களையா?

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ இடம் தேடி மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டேன். சமையல்கட்டில் பனியனும் தலைத்துண்டுமாக ஆண்கள். பெண்ணின் அப்பா வந்து தலைமைச் சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, வத்தக்குழம்பைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார். பையிலிருந்து பணம் எடுத்துத் தனியாகவும் கொடுத்தார். அங்கிருந்து பத்தடி தள்ளிக் குழாயடியில் நாலைந்து பெண்கள். ஆள் இறங்கி நிற்கலாம் போன்ற அண்டாக்கள். ஒரு அம்மா உண்மையிலேயே பாதி உடம்பை அண்டாவுக்குள் விட்டுத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். "சாப்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "பந்தியெல்லாம் முடியட்டும்" என்றார். அன்றிலிருந்து இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் மாமியார் சொல்வது தப்பு. ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. ஆம்பளைக்கு அடுப்படி ஆகாது என்று இந்த ஊரில் எந்தக் காலத்தில் இருந்தது? ருசியாக இருந்தால் நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். ஆம்பூரில் பிரியாணி தம் போடுவதும் ஆண்கள், விருதுநகரில் எண்ணெய் பரோட்டா போடுவதும் ஆண்கள். கேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கேரளத்தில் கொண்டாடுகிறார்களே, 1883-இல் தலச்சேரியில் அதைச் சுட்டது மாம்பள்ளி பாப்பு என்கிற ஆண். பெங்களூரில் 1898-இல் முதல் அய்யங்கார் பேக்கரியைத் தொடங்கியது ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஆண்கள். முட்டை சேராத வீட்டுக்காரர்கள் ரொட்டி சுட்டுப் பிழைக்க வந்தபோது யாரும் அவர்களைப் பார்த்து, ஆம்பளைக்கு எதற்கு அடுப்படி என்று கேட்கவில்லை.

ஆக, சமைப்பது அவர்களுக்குப் புதிது இல்லை. காசு வருகிற சமையல், கைதட்டு வருகிற சமையல், வருடத்துக்கு ஒருமுறை வருகிற சமையல் எல்லாம் என்றைக்கும் ஆண்கள் கையில்தான் இருந்திருக்கிறது. பீமன் விராடன் அரண்மனையில் ஒரு வருடம் சமையல்காரனாக இருந்தான். அந்த அண்டாக்களை யார் தேய்த்தது? கதை சொல்கிற யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

இப்போது உங்கள் சனிக்கிழமையைப் பாருங்கள். சலிப்பது, குழைப்பது, ஊற்றுவது, உப்புவதைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது, வெட்டுவது, தின்பது, பாட்டி முன்னால் போய் நிற்பது. இவ்வளவும் பையன்களுக்கு. மாவு ஒட்டிய கிண்ணம், வெண்ணெய்ப் பிசுக்கேறிய கரண்டி, மேடை, தரை, முட்டை ஓடு கிடக்கிற சிங்க் எல்லாம் உங்களுக்கு. பையன்களுக்கு சமையலறை வேலை பழக்குவதாக நினைக்கிறீர்கள். எட்டு வயதில் ஒரு குட்டிக் கல்யாண சமையல்காரரைத் தயார் செய்துகொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். குழாயடியில் உட்கார ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறது, அது நீங்கள்.

கோபம் வருகிறதா? வரட்டும். 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளில் எந்த நேரத்தை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலை எதையாவது அன்றைக்குச் செய்தவர்கள், பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்த ஆண்களும் சராசரியாக 97 நிமிடம்தான் செய்தார்கள், பெண்கள் 299 நிமிடம். இந்தக் கணக்கு 6 வயதிலிருந்து தொடங்குகிறது. இன்றைக்கு எடுத்தால் உங்கள் பெரியவனும் அதில் ஒரு ஆள்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். எழுபதுகளில் எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய, முக்கால்வாசிப் பேர் ரயில்வே. பக்கத்து வீட்டு அங்கிள் ரயில் ஓட்டுபவர். அந்த வீட்டில் மூன்று பையன்கள். ஹாக்கி மட்டையும் கையுமாக அலைகிற முரட்டுப் பிள்ளைகள், தெருவே பயப்படும். டிசம்பர் வந்துவிட்டால் அதே பையன்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டி, கல்கல் செய்துகொண்டிருப்பார்கள். ரம்மில் ஊறிய திராட்சையைத் திருடித் தின்று அடியும் வாங்குவார்கள். கேக் மாவை வீட்டில் கலந்து, தகர டின்களில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் அவ்வளவு பெரிய அடுப்பு கிடையாது. பேக்கரி விறகடுப்பில் எங்கள் தெருவின் டின்கள் எல்லாம் வரிசையாக வேகும்.

எனக்கு ஆச்சரியம் அதற்கு அப்புறம்தான். ஆன்ட்டி வீட்டில் ஒரு சட்டம். மாவு கலந்த சட்டியைக் கழுவிக் கவிழ்க்காமல் யாரும் மைதானத்துக்குப் போகக் கூடாது. கொல்லையில் மூன்று தடியன்களும் குத்துக்காலிட்டு, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்ப்பார்கள். பெரியவன் தேய்த்ததை ஆன்ட்டி விரலால் வழித்துப் பார்ப்பார். பிசுக்கு இருந்தால் ஒன்றும் பேசாமல் மறுபடியும் சாம்பலில் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். நான் மதில் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் அண்ணன் சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போவான், அதை எடுப்பது நான். அம்மாவிடம் போய், "அந்த அண்ணனுங்கல்லாம் பாத்திரம் தேய்க்கிறாங்கம்மா" என்று சொன்னேன். அம்மா உச்சுக்கொட்டினாள். "பாவம், பொட்டப் புள்ள இல்லாத வீடு" என்றாள்.

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் என் இரண்டு பையன்களை வளர்த்த காலம் முழுக்க ஞாபகம் வைத்திருந்தேன். என் வீட்டிலும் பொட்டப் பிள்ளை இல்லை. ஆனால் ஒருத்தி இருந்தாளே, நான்.

சரி, காரியத்துக்கு வருவோம். கேக் சுடுவதில் இதற்கு வசதியாக ஒரு இடைவெளி இருக்கிறது. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். அதனால் மாவைக் கலந்த கையோடு உள்ளே வைத்துவிட வேண்டும், கழுவிவிட்டு வருகிறேன் என்று காத்திருக்க முடியாது. உள்ளே வைத்தபிறகு 180 டிகிரியில் முப்பது, நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பையன்கள் என்ன செய்கிறார்கள்? ஓவனைச் சுற்றி ஆடுகிறார்கள். அந்த நேரம்தான் சிங்க் நேரம். சின்னவனுக்கு ஒரு முக்காலி போடுங்கள். வெண்ணெய் பட்டதை முதலில் பழைய பேப்பரால் துடைத்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்க்க வேண்டும், பச்சைத் தண்ணீரில் அது இன்னும் இறுகிக்கொள்ளும். முட்டையும் மாவும் பட்ட கிண்ணத்துக்கு நேரெதிர், முதலில் பச்சைத் தண்ணீர். சூடு பட்டால் அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், எட்டு வயதுப் பையனுக்கு இது கேக்கை விட சுவாரஸ்யமாக இருக்கும்.

பிசுக்கு போகாது. போகாவிட்டால் திரும்பத் தேய்க்கச் சொல்லுங்கள். அவர்கள் போனதும் ரகசியமாக எடுத்துக் கழுவி வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். நம் பெண்களுக்கு இந்த வியாதி தீரவே தீராது. "அவன் தேச்சா எனக்குத் திருப்தியா இருக்காது" என்று சொல்லிச் சொல்லியே மூன்று தலைமுறையை வீணடித்திருக்கிறோம்.

சிரிக்கிற கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. அவர் சாப்பிட்ட தட்டை அவரே எடுக்கிறாரா? அது கடிதத்தில் இல்லை. சனிக்கிழமை அவர் கையில் ஒரு மேடைத் துணியைக் கொடுங்கள், சிரித்துக்கொண்டே துடைக்கட்டும்.

மாமியாருக்குப் பதிலே சொல்லாதீர்கள். வேலை கொடுங்கள். பெரியவனை அவரிடம் அனுப்பி இட்லிக்கு மாவு ஆட்டக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கேக் சனிக்கிழமைக்கு, இட்லி மற்ற நாளுக்கெல்லாம். யாரும் படம் பிடிக்காத சமையல் அதுதான். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம் என்று அளப்பதிலிருந்து அவனே செய்யட்டும். கிரைண்டரைப் போடுவதும் அணைப்பதும் பாட்டி. கல்லையும் டிரம்மையும் கழுவுவது அவன். கேக்கில் பேக்கிங் பவுடர் செய்கிற வேலையை இங்கே பாக்டீரியா ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்கிறது என்று நீங்கள் சொல்லலாம். கையால் கரைத்தால்தான் பொங்கும் என்று அவர் சொல்வார். இரண்டையும் அவன் கேட்டுக்கொள்ளட்டும். உப்பை ஆட்டியதும் போடுவதா, காலையில் போடுவதா என்கிற சண்டைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா